தேங்கி நிற்கும் சிவில் வழக்கைப் புது வக்கீல் வைத்து நகர்த்துவது எப்படி?

"கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டால் "வாய்தா போட்டிருக்காங்க" என்ற ஒரே பதில்தான் வருஷக்கணக்காக வருகிறதா? பாகப்பிரிவினையோ, நிலத் தகராறோ, கொடுத்த கடனோ, இந்த நிலைக்கு வந்தவர்கள் முதலில் யோசிப்பது வக்கீலை மாற்றுவதைத்தான். மாற்றலாம், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வழக்கு எந்த இடத்தில், எதனால் நிற்கிறது என்று தெரியாமல் மாற்றினால் புது வக்கீலும் அதே இடத்தில் வந்துதான் நிற்பார், கட்டணம் மட்டும் இன்னொரு முறை போகும். அதனால் இந்தக் கட்டுரையில் வக்கீலை மாற்றுவது நடுவில்தான் வருகிறது. அதற்கு முன் நீங்களே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

இங்கே சொல்லியிருப்பது தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் நடக்கும் சிவில் வழக்குகளுக்கு. கிரிமினல் வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்து பல வாய்தாக்களுக்குப் போகாமல் விட்டிருந்தால் விஷயம் வேறு. உங்கள் பேரில் பிடியாணை நிலுவையில் இருக்கிறதா என்று இன்றே ஒரு வக்கீலிடம் கேட்டு, அதைத் திரும்பப் பெற மனுப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வழக்கு உயிரோடு இருக்கிறதா?

பலருக்கு அதிர்ச்சி தருவது இந்த இடம்தான். நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பிய வழக்கு எப்போதோ தள்ளுபடி ஆகியிருக்கும். அதனால் யாரிடமும் கேட்பதற்கு முன், ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ அதன் செயலியிலோ நீங்களே பாருங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அது தெரிந்தால் ஒரே தட்டலில் வழக்கு வந்துவிடும். தெரியாவிட்டால் மாவட்டம், நீதிமன்ற வளாகம், வழக்கு வகை, எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். அசல் வழக்கை ஓ.எஸ். என்றும், அதற்குள் போடும் இடைக்கால மனுவை ஐ.ஏ. என்றும், தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவை ஈ.பி. என்றும் குறிப்பார்கள். எண்ணும் தெரியாவிட்டால் வாதி அல்லது பிரதிவாதி பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் "கேஸே இல்லையாம்" என்று திரும்பிவிடுகிறார்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை. லட்சுமி, சண்முகம், முருகேசன் எல்லாம் மூன்று நான்கு விதமாகப் பதிவாகியிருக்கும். முழுப் பெயரை அடிக்காமல் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் அடியுங்கள். உங்கள் பெயரில் வராவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரில் தேடுங்கள். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்று கேட்கும் இடத்தில் "இரண்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிலுவையை மட்டும் தேடினால் தள்ளுபடியான வழக்கு கண்ணில் படவே படாது.

இணையத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். புது நீதிமன்றம் தொடங்கும்போதும், வழக்கு மதிப்பின் வரம்பு மாறும்போதும் கட்டுக்கட்டாக வழக்குகள் இடம் மாறும், எண்ணும் மாறும். அப்போது நேரில் போய், பழைய எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் வழக்குப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி கேட்க வேண்டியதுதான். காலையில் நீதிமன்றம் கூடும் நேரத்தில் போகாதீர்கள். பெஞ்ச் கிளார்க்குக்கு அப்போது தலைநிமிர நேரம் இருக்காது. மாலை 4 மணிக்கு மேல் போனால் நின்று பதில் சொல்வார்கள்.

முடிந்தது என்று காட்டினால் நாள் ஓடுகிறது

வழக்கு "முடிந்தது" என்று காட்டினால், எப்படி முடிந்தது என்ற வரியையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கெடுக்கள் அந்தத் தேதியிலிருந்துதான்.

நீங்கள் வாதி, உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால் தள்ளுபடி என்றால், அதை "டிஃபால்ட்டில் டிஸ்மிஸ்" என்பார்கள். திரும்பக் கோப்பில் எடுக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். எதிர்த்தரப்பு ஆஜராகி நீங்கள் வராமல் தள்ளுபடியாகியிருந்தால், அதே காரணத்துக்குப் புதிதாக வழக்குப் போடவும் முடியாது. பழைய வழக்கை உயிர்ப்பிப்பதே வழி. இரு தரப்புமே வராமல் தள்ளுபடியாகியிருந்தால், காலவரம்பு தாண்டாத பட்சத்தில் புது வழக்கும் போடலாம்.

நீங்கள் பிரதிவாதி, உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது நீங்கள் வரவில்லை என்று உங்கள் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பு வந்துவிட்டது என்றால், அதை ரத்துசெய்யவும் 30 நாள்தான். சம்மனே முறைப்படி உங்களுக்கு வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். எக்ஸ்பார்ட்டி ஆக்கியிருக்கிறார்கள், தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால் இது எளிது. தக்க காரணம் காட்டி, செலவுத்தொகை கட்டி உள்ளே வந்துவிடலாம். அதற்காகத் தீர்ப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

தரப்பினர் ஒருவர் இறந்திருந்தால், அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க இறந்த நாளிலிருந்து 90 நாள். அதற்குள் சேர்க்காவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு தானாகவே அற்றுப்போகும். அப்படி அற்றுப்போனதை ரத்துசெய்யக் கேட்க மேலும் 60 நாள் உண்டு.

கெடு தாண்டியிருந்தால் கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். காலவரம்புச் சட்டம், 1963-இன் 5-ஆம் பிரிவு, தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால் மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1987-இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்பதை நடைமுறை அறிவோடு பார்க்க வேண்டும், நீதியே முக்கியம் என்று சொன்னது. 1981-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வக்கீல் ஆஜராகாத குற்றத்துக்கு ஒன்றும் அறியாத கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்றது. ஆனால் இவற்றை மட்டும் நம்பி மனுப் போடாதீர்கள். வழக்குப் போட்டவர் அதைக் கவனிக்கவும் வேண்டும் என்று பின்னால் வந்த தீர்ப்புகள் சொல்கின்றன. "எல்லாம் வக்கீலின் தப்பு" என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுவதைவிட, எந்த மாதம் வக்கீலுக்குப் பேசினீர்கள், என்ன பதில் வந்தது, எப்போது உண்மை தெரிந்தது என்று தேதியோடு எழுதுவதுதான் நீதிபதியிடம் எடுபடும். மருத்துவமனைச் சீட்டு, வெளிநாட்டு வேலைக்கான கடவுச்சீட்டு முத்திரை, வக்கீலுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

பாகப்பிரிவினை வழக்குக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் இணையத்தில் வழக்கு முடிந்ததாகக் காட்டும். ஆனால் யாருக்கு எந்தத் துண்டு என்று அளந்து பிரிப்பது இறுதித் தீர்ப்பில்தான். இறுதித் தீர்ப்பு கேட்க மனுப் போடாமல் பத்து, இருபது வருடம் விட்டுவிட்ட குடும்பங்கள் ஏராளம். பாகப்பிரிவினையில் இந்த மனுவுக்குக் காலவரம்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. முதல்நிலைத் தீர்ப்புக்குப் பிறகு விசாரணை நீதிமன்றங்கள் தாமாகவே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று 2022-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த முதல்நிலைத் தீர்ப்பு வெறும் பழைய காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். பணமோ சொத்தோ கேட்டுப் பெற்ற மற்றத் தீர்ப்புகளை நிறைவேற்ற 12 ஆண்டு கெடு உண்டு.

எங்கே நின்றது என்று வாய்தாப் பட்டியல் சொல்லும்

வழக்கு நிலுவையில் இருந்தால், ஈ-கோர்ட்ஸில் கீழே வரும் வாய்தா வரலாற்றைத் திறந்து கடைசியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்று ஒரு சொல் இருக்கும். தேதியைத் தட்டினால் அன்றைய குறிப்பும் வரும்.

ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். ஆறு பிரதிவாதிகள் உள்ள ஒரு வழக்கு. பட்டியலில் முதலில் "சம்மன்", பிறகு "எதிருரை" (எதிர்த்தரப்பின் எழுத்துமூலப் பதில்), அப்புறம் திடீரென்று "ஸ்டெப்ஸ் ஃபார் டி3", "ஸ்டெப்ஸ் நாட் டேக்கன், லாஸ்ட் சான்ஸ்", மறுபடி "ஸ்டெப்ஸ்" என்று வரிசையாக வருகிறது. இதற்குப் பொருள் இதுதான்: மூன்றாம் பிரதிவாதி விஷயத்தில் வாதி ஏதோ செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, வாதி செய்யவில்லை. அவர் இறந்திருப்பார், வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். அல்லது வீடு மாறியிருப்பார், புது முகவரி கொடுத்துப் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்ட வேண்டும். ஒரு முகவரியும் ஒரு வாரிசுச் சான்றிதழும் இல்லாமல் மூன்று வருடம் போயிருக்கும். வக்கீலுக்கு அந்த விவரம் தெரிய வழியில்லை, உங்களுக்கோ அப்படி ஒன்று தேவை என்றே தெரியாது. அந்த மூன்றாம் பிரதிவாதி உங்கள் சித்தப்பாவாக இருப்பார், அவர் இறந்ததற்கு நீங்களே போயிருப்பீர்கள். வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இந்த மாதிரி நின்றுபோகும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். சம்மன் சார்வாகாமல், அதாவது உரியவர் கையில் சேராமல் நிற்பது, வாரிசு சேர்க்காமல் நிற்பது முதல் வகை. இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலை அட்வகேட் கமிஷனராக நியமித்து, அவர் இடத்தைப் பார்க்காமலோ அறிக்கை தாக்கல் செய்யாமலோ நிற்பது அடுத்தது. சர்வேயர் தேதி கொடுக்காததுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். ஐ.ஏ. ஒன்று எதிருரைக்காகவோ உத்தரவுக்காகவோ கிடப்பது இன்னொன்று. உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியிருப்பது, ஆவணக் கட்டு மேல்முறையீட்டுக்காக மேலே போய்த் திரும்பாதது, நீதிபதி பணியிடம் காலியாக இருப்பது என்று மற்றவை வரும். கடைசியாகச் சொன்னதற்கு எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது, பொறுப்பு நீதிபதி அவசர மனுக்களைத்தான் பார்ப்பார். அந்தக் காரணத்துக்காக வக்கீலை மாற்றிப் பயனில்லை.

"பி.டபிள்யூ.1 ஃபார் சீஃப்" (வாதி தரப்பு முதல் சாட்சியின் முதல் விசாரணைக்கு) அல்லது "குறுக்கு விசாரணைக்கு" என்று தொடர்ந்து வந்தால், சாட்சி போகவில்லை என்று பொருள். அந்தச் சாட்சி பெரும்பாலும் நீங்கள்தான். உங்களுக்குத் தேதி சொல்லப்படவில்லையா, சொல்லியும் போகவில்லையா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். புது வக்கீலிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நகல் வாங்குங்கள்

புது வக்கீலைப் பார்க்கும் முன்பே நகல் கைக்கு வந்தால் நல்லது. குறைந்தபட்சம் வழக்குரை (வாதி வழக்குப் போட்ட மனு), எதிருரை, எல்லா ஐ.ஏ.க்களிலும் வந்த உத்தரவுகள், எழுவினாக்கள் (தீர்க்க வேண்டியவை என்று நீதிமன்றம் வகுத்த கேள்விகள்), சாட்சியம் தொடங்கியிருந்தால் சாட்சியப் பிரதி, குறியீடு செய்யப்பட்ட ஆவணங்கள். உத்தரவுகள் பலவும் ஈ-கோர்ட்ஸிலேயே பதிவிறக்கம் செய்யக் கிடைக்கும், படிக்க அது போதும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய மட்டும் சான்றிட்ட நகல் வேண்டும்.

சான்றிட்ட நகலுக்கு அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுப் போட வேண்டும். வழக்கின் தரப்பினரான நீங்களே போடலாம். மனுப் போட்டதோடு பலர் மறந்துவிடுவார்கள். நகலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பலகையைப் பாருங்கள், அல்லது பார்க்க ஆள் வையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று சிலர் மனுப் போட்டுக் காத்திருப்பார்கள். நீதிமன்ற ஆவணங்களை நீதிமன்ற விதிப்படி நகல் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. கலெக்டர் மனுநீதி நாளில் மனுக் கொடுப்பதும் இந்த விஷயத்தில் உதவாது. நீதிபதிக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவதோ அறையில் போய்ப் பார்க்க முயல்வதோ கூடவே கூடாது.

பழைய வக்கீலிடம் வழக்குக் கட்டைத் திரும்ப வாங்குவது

சிவில் நடைமுறைச் சட்டம், 1908-இன் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதிப்படி, நீங்கள் கொடுத்த வக்காலத்து, நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூலம் முடித்துக்கொள்ளும்வரை செல்லும். அதாவது "இனி நீங்கள் வேண்டாம்" என்று போனில் சொன்னால் அது நீதிமன்றத்தைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லை. புது வக்கீல் உள்ளே வர, பழையவர் "ஆட்சேபனை இல்லை" என்று வக்காலத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தருவது வழக்கம். ஏற்கெனவே ஒருவர் வக்காலத்தில் இருக்கும் வழக்கில் அவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் ஆஜராகக் கூடாது என்பது வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. சம்மதம் கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. பழைய வக்கீல் காலமாகியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, புது வக்காலத்து போட்டால் போதும்.

முதலில் நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். கோபம் நியாயமாகவே இருந்தாலும் கட்டு கைக்கு வரும்வரை அதைக் காட்டாதீர்கள். பாக்கிக் கட்டணம் உண்மையிலேயே இருந்தால் பேசித் தீர்த்து, ரசீது வாங்குங்கள். நேரில் முடியவில்லை என்றால் கிடைத்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) இப்படி ஒரு கடிதம் அனுப்பலாம்:

"ஐயா, … நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள அசல் வழக்கு எண் …/… இல் தாங்கள் என் தரப்பில் வழக்கறிஞராக ஆஜராகி வருகிறீர்கள். மேற்படி வழக்கை நடத்த வேறு வழக்கறிஞரை நியமிக்க முடிவு செய்துள்ளேன். ஆகவே மாற்று வக்காலத்துக்கு ஆட்சேபனையின்மை வழங்கி, தங்கள் வசம் உள்ள வழக்குக் கட்டையும் நான் ஒப்படைத்த கீழ்க்கண்ட அசல் ஆவணங்களையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்குத் தர வேண்டிய கட்டண பாக்கி ஏதும் இருப்பின் விவரம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கீழே பத்திர எண், ஆண்டோடு ஆவணங்களைப் பட்டியலிடுங்கள். குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். இந்தக் கடிதம் நாளை நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய காகிதம்.

கட்டண பாக்கியைக் காட்டிக் கட்டைத் தர மறுக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழிகள் உண்டு, கட்டைப் பிடித்துவைப்பது தொழில்முறைத் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியும் தராவிட்டால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில், வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின்படி புகார் கொடுக்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் ஒரு பக்கம் நடக்கட்டும், அதனால் உங்கள் வழக்கு ஒரு அடிகூட நகராது என்பதை நினைவில் வையுங்கள். சான்றிட்ட நகல்களை வைத்து அனுமதி மனுப் போட்டு வழக்கை நடத்துவதுதான் அவசரம்.

புது வக்கீல்

பெயர் பெற்றவரைத் தேடி மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் வழக்கு உள்ள அதே நீதிமன்றத்தில் தினமும் நிற்பவராக இருப்பதுதான் முக்கியம். அந்த நீதிமன்றத்துக்குப் போய் ஒரு முற்பகல் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். யார் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் எழுந்து "வாய்தா வேண்டும் ஐயா" என்று மட்டும் சொல்கிறார் என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். விளம்பரம் பார்த்து எடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: வழக்கு எண், யார் யார் தரப்பு, யார் உயிரோடு இல்லை, என்ன கேட்டு வழக்கு, கடைசியாக எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த வாய்தா எப்போது. மேலே சொன்ன வாய்தாப் பட்டியலின் அச்சுப் பிரதியையும் நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள். அதை வைத்து அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். "ஜெயிச்சிடலாம், கவலைப்படாதீங்க" என்று காகிதத்தைப் புரட்டாமலே சொல்பவரைவிட, "இந்த டி3 செத்து எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

பிறகு கூச்சப்படாமல் கேட்டுத் தெளிவாக்க வேண்டியவை சில. வாய்தாவுக்கு அவரே நிற்பாரா, ஜூனியரா? தேதியை யார் உங்களுக்குச் சொல்வார், குமாஸ்தாவின் எண் என்ன? கட்டணம் மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா? தேங்கிய வழக்குக்குக் கட்டம் கட்டமாகக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. மாற்று வக்காலத்துக்கும் முதல் மனுக்களுக்கும் ஒரு தொகை, சாட்சி விசாரணைக்கு ஒன்று, வாதுரைக்கு ஒன்று. ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. யார் அப்படிக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். சாட்சியத்தின்போது அசல் தேவைப்படும் அன்று நீங்களே கொண்டுபோங்கள். எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பல பெண்கள் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் வழக்கைக் கைவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள அண்ணனுக்கோ மாமாவுக்கோ பவர் கொடுத்து நடத்தலாம். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ஆனால் உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்தைப் பவர் ஏஜென்ட் உங்களுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது என்பது 2004 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. விடுமுறையை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

முதல் சில வாய்தாக்கள்

புது வக்காலத்து ஏற்கப்பட்டதும் முடங்கிய இடத்துக்கான மனு உடனே போக வேண்டும். வாரிசு சேர்ப்பதா, மறு சம்மனா, கமிஷனருக்கான நியமன உத்தரவை (வாரண்ட்) புதுப்பிப்பதா, முடித்துவிட்ட சாட்சியத்தை மறுபடி திறக்கக் கேட்பதா என்பது நீங்கள் கண்டுபிடித்த காரணத்தைப் பொறுத்தது. வாய்தா ஆறு மாதம் தள்ளிப் போட்டிருந்தால், முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கேட்டு மனுப் போடலாம். மூத்த குடிமகனாக இருந்தால் வயதுச் சான்றை இணைத்துக் குறிப்பிடுங்கள்.

தாமத மன்னிப்பு, கோப்பில் எடுப்பது போன்ற மனுக்களை நீதிமன்றம் பெரும்பாலும் செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடுதான் அனுமதிக்கும். எதிர்த்தரப்புக்கு இன்ன தேதிக்குள் இவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி என்று உத்தரவில் இருக்கும். மனு அனுமதிக்கப்பட்டது என்ற சந்தோஷத்தில் இந்தத் தேதியைத் தவறவிட்டு, உயிர் வந்த வழக்கை மறுபடி இழப்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரவு வந்த அன்றே பணத்தைக் கொடுத்து ரசீதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கினால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் கட்டளைப்படி விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக் கூடாது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், அசாதாரணச் சூழ்நிலையில் இதைத் தளர்த்தலாம் என்றது. வேறு நீதிமன்றத்தில் வேலை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வது வாய்தாவுக்குக் காரணம் ஆகாது என்றும் அதே விதி சொல்கிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் வக்கீல் ஆட்சேபனையைப் பதிவு செய்யச் சொல்லி, செலவுத்தொகை கேட்கச் சொல்லுங்கள். நீதிமன்றக் குறிப்பில் அது ஏறினால்தான் பின்னால் பயன்படும்.

செயலியில் உங்கள் வழக்கைச் சேமித்து வைத்து, வாய்தா அன்று மாலையோ மறுநாளோ அடுத்த தேதியை நீங்களே பாருங்கள். முடிந்த வாய்தாவுக்கெல்லாம் நேரில் போய் நில்லுங்கள். கட்சிக்காரர் வராந்தாவில் நிற்கிறார் என்றால் கட்டு மேசைக்கு வரும் வேகமே வேறு.

இவ்வளவும் செய்து நகராவிட்டால்

உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில், அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவில் சிவில் சீராய்வு மனுப் போட்டு, வழக்கை விரைந்து முடிக்க உத்தரவு கேட்கலாம். ஒரு காலத்தில் "ஆறு மாதத்தில் முடி" என்ற உத்தரவு எளிதாகக் கிடைத்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இப்படிக் கெடு விதிப்பதை விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் வழக்கு ஏன் விதிவிலக்கு என்று காட்ட வேண்டும். வாதியின் வயது, உடல்நிலை, வழக்கின் பழமை, எதிர்த்தரப்பு வாங்கிய வாய்தாக்களின் பட்டியல், நீங்கள் பதிவு செய்த ஆட்சேபனைகள் எல்லாம் அப்போது கைகொடுக்கும்.

அதே சமயம் சமரசத்தையும் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். வழக்கு நகரத் தொடங்கிய பிறகுதான் எதிர்த்தரப்பும் பேச வரும். நீதிமன்ற சமரச மையத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். மக்கள் நீதிமன்ற முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, எனவே விதிமுறைகளை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சமரசம் இல்லாமல் தீர்ப்புவரை போனால், தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுப் போட்டுவிடச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் எடுக்க ஆகும் நாள் இந்தக் கணக்கில் கழியும், ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்துதான் கழியும்.